இடுப்புக்குள் மின்னிய தூள்

என் இடுப்பில் இருந்தது டி.பி. கிடையாது. வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் போங்கள். திருத்தணி பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயிலடி வரைக்கும் போகிற வருகிற ஒவ்வொரு ஆளையும் நிறுத்தி வைத்து இதைச் சொல்ல எனக்கு ஆசைதான். அவ்வளவு நேரம் நிற்கக் கால் விடாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கிருஷ்ணவேணி. எட்டாவது வரை படித்தவள். வீட்டுக்காரர் சுப்பிரமணி பவர்லூமில் லுங்கி நெய்கிறார். பஸ் ஸ்டாண்டை ஒட்டி எனக்கு ஒரு இட்லிக் கடை உண்டு. மலை இறங்கி வருகிறவர்கள், திருப்பதி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், டிரைவர், கண்டக்டர் எல்லோரும் என் கையால் சாப்பிட்டவர்கள்தான். என் கை மாவு என்றால் அதற்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைத்தான் ஒரு டாக்டர் ஒரே வார்த்தையில் கெடுத்தார்.

எமர்ஜென்சி வந்த வருஷம், கடைக்குள் மாவுக் கழுநீர் கொட்டிக் கிடந்த இடத்தில் வழுக்கி விழுந்தேன். விழுந்த வேகத்தில் இடுப்பெலும்பு போய்விட்டது. தொடை எலும்பின் உச்சியில் பந்து மாதிரி ஒரு தலை இருக்கும், அது இடுப்புக் குழியில் உட்கார்ந்து சுழலும். அதன் கழுத்து முறிந்ததும் ரத்தம் போகாமல் பந்து செத்துவிட்டது. மெட்ராஸில் ஒரு நர்சிங் ஹோம் டாக்டர் அதை எடுத்துவிட்டு இரும்புப் பந்து வைத்தார். பந்து உட்காரக் குழிக்குள் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். இரண்டும் அசையாமல் இருக்க ஒரு பசை. அதற்கு சிமெண்ட் என்றுதான் பெயர், ஆனால் வீடு கட்டுகிற சிமெண்ட் இல்லை. என்னைப் பெற்ற நைனா போட்ட வளையல் அத்தனையும் அதற்குப் போனது. போகட்டும், நான் நடந்தேன். நாலைந்து வருஷம் ஜோராக நடந்தேன். டாக்டர் மேசையில் திருத்தணி விபூதி இருக்கும். மாதா மாதம் கிருத்திகைக்கு மலைக்கு வருகிற பக்தர் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். நம்ம முருகன் பக்தர் என்று நானும் மகிழ்ந்து போனேன், பைத்தியக்காரி.

பிறகு வலி ஆரம்பித்தது. உட்கார்ந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது தொடைக்குள் ஆணி இறங்கும். பத்தடி நடந்தால் கொஞ்சம் அடங்கும். மறுபடி டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயில் பசைக்கும் எலும்புக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அந்த இடத்தில் எலும்பு கரைந்திருக்கிறது என்றார். சின்னதாகக் கீறிக் கொஞ்சம் சதை எடுத்து லேபுக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"எந்தத் தெரும்மா நீங்க?"

"நெசவுக்காரர் தெரு சார்."

"வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"பவர்லூம்ல நெய்றாரு."

"அதான் பார்த்தேன். பஞ்சுத் தூசு, இருமல், உங்க ஆளுங்களுக்கு இது சகஜம். எலும்புல டி.பி. உக்காந்திருக்கு."

நான் ஜென்மத்தில் இருமினவள் இல்லை. இருமாத என்னைப் பார்த்து, என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் கூட வைக்காமல், தெருவைக் கேட்டு வியாதியைச் சொன்னார். சதையில் பெரிய பெரிய செல் இருக்கிறது, அது டி.பி.யில்தான் வரும் என்று பாதி இங்கிலீஷில் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் பாவம், தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

ஊசி ஆரம்பித்தது. தினம் ஒன்று, நம்ம ஊர் கம்பவுண்டர் வந்து போடுவார். உட்கார இடமில்லாமல் இரண்டு பக்கமும் கட்டி கட்டியாக வீங்கிவிட்டது. சில மாதத்தில் காதுக்குள் ஙொய்ங் என்று ஒரு சத்தம் பிடித்துக்கொண்டது. எழுந்தால் தரை சாய்ந்தது. டாக்டரிடம் சொன்னேன். "பலவீனம்மா, முட்டை சாப்பிடு," என்றார். அந்த ஊசி காதைத் தின்னும் என்று பின்னால்தான் தெரிந்தது. இடது காது போனது போனதுதான்.

காதை விடுங்கள். கம்பவுண்டர் ஒருத்தியிடம் சொன்னார், அவள் ஊருக்கே சொன்னாள். அந்த ஒருத்தி என் ஓரகத்தி ரேணுகா, என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. என் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள். "அக்கா, நீ ஒண்ணும் தொடாத. உக்காந்துகினு இரு, நான் பாத்துக்கறேன்," என்றாள். பாசம் என்று நினைத்தேன். மறுநாள் என் டம்ளரை எடுத்து ஆணியால் ஒரு கோடு கிழித்தாள். தட்டு ஒன்று அலுமினியத்தில் தனியாக வாங்கினாள். இரண்டையும் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். எடுக்க வேண்டி வந்தால் இரண்டு விரலால், செத்த எலியின் வாலைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பாள். நான் கடை வாசலுக்கு வந்தால் போதும், படியில் நிற்கிற டிரைவர்கள், "யாரு கை மாவு இது?" என்று உள்ளே எட்டிக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். "என் கைதாங்க, அக்கா கிட்டயே வரல," என்று ரேணுகா உரக்கப் பதில் சொல்லுவாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொல்லுவாள்.

என் வீட்டுக்காரர் சண்டை தெரியாத மனுஷர். அவர் செய்தது ஒன்றுதான். தினம் காலையில் தறிக்குப் போகும் முன் கடைக்கு வந்து, நான் பாதி குடித்து வைத்த காபியை அதே கோடு போட்ட டம்ளரிலேயே எடுத்துக் குடிப்பார்.

"பாவா, அது டி.பி. டம்ளர்!" என்று ரேணுகா கத்துவாள்.

"ஆங், தெரியும். காபி நல்லா கீது," என்பார்.

அந்த மனுஷருக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன். மீதி எல்லாம் ஆத்திரத்தில்.

ஊசி ஏற ஏற வலியும் ஏறியது. கடைசியில் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. "மருந்து இன்னும் கொஞ்ச மாசம் போகட்டும்," என்றார் டாக்டர். போதும்டா சாமி என்று, வீட்டுக்காரரும் தறிக்காரர் இரண்டு பேரும் என்னை நாற்காலியோடு தூக்கி லோக்கல் ரயிலில் ஏற்றி மெட்ராஸ் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே காத்திருப்பதுதான் பாதி வைத்தியம். எக்ஸ்ரே வாசலில் ஸ்ட்ரெச்சரிலேயே படுத்துக் கிடப்பேன், மேலே விசிறி சுற்றாது. ஒரு கை முறிந்தவள் தன் நல்ல கையால் எனக்கு விசிறிவிட்டாள், பெயர்கூடத் தெரியாது. எலும்பு டாக்டர் வயதானவர், சிடுமூஞ்சி. என் காலைப் பிடித்து உள்ளே வெளியே திருப்பினார். நான் அலறினேன். பழைய எக்ஸ்ரேக்களைச் சன்னலுக்கு நேராகப் பிடித்து ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார்.

"கழண்டு போச்சும்மா இது. பந்து கிண்ணத்துக்குள்ள எவ்வளவு மேல ஏறியிருக்கு பாரு. டி.பி.ன்னு யார் சொன்னது?"

பெயரைச் சொன்னேன். அவர் எக்ஸ்ரேக்களை உறைக்குள் சொருகினார். டாக்டரைப் பற்றி டாக்டர் பேசமாட்டார் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

பழையதை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க மறுபடி ஆபரேஷன். முதல் தடவை தெரியாமல் போய்ப் படுத்தேன், இந்தத் தடவை தெரிந்து படுத்தேன், அதனால் பயம் இரட்டிப்பு. பசையைச் சுரண்டி எடுக்கும்போது எலும்பே விண்டு போகலாம் என்று சொல்லித்தான் கைநாட்டு மாதிரி ஒரு கையெழுத்து வாங்கினார்கள். ரத்தம் வேண்டும் என்றதும் தறிப் பட்டறையில் இருந்து ஆறேழு பேர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். யாரைச் சொன்னார் அந்த டாக்டர், 'உங்க ஆளுங்க' என்று? அந்த ஆளுங்க ரத்தம்தான் இன்றைக்கு எனக்குள் ஓடுகிறது.

மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது தலைமாட்டில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். முதல் வார்த்தையாக, "அது எங்க?" என்றேன். என் இடுப்பிலிருந்து எடுத்ததைக் கேட்டேன். முன்னாலேயே சிடுமூஞ்சி டாக்டரிடம் கெஞ்சி வைத்திருந்தேன். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கொடுத்திருந்தார். வெள்ளைக் கிண்ணம். ஒரு பக்கம் கனமாக, இன்னொரு பக்கம் தேய்ந்து அப்பளம் மாதிரி மெலிந்து இருந்தது.

சில நாள் கழித்து, லேபிலிருந்து ஒரு அம்மா என் கட்டிலைத் தேடி வந்தார். சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வியாதி சொல்கிற டாக்டர். வழக்கமாக அவர்கள் வார்டுக்கு வருவதில்லையாம்.

"உங்க சதை சாம்பலைக் கரைச்ச மாதிரி இருந்துச்சும்மா. அதான் ஆளைப் பார்க்க வந்தேன். முன்னாடி ஒரு தடவை எடுத்தாங்களாமே, அந்த ஸ்லைடு கிடைக்குமா?"

வீட்டுக்காரர் பழைய லேபுக்குப் போய், நாள் முழுக்க வாசலில் நின்று, அந்தக் கண்ணாடித் துண்டை வாங்கி வந்தார். உடைந்துவிடப் போகிறதென்று பஞ்சில் சுற்றி, சோற்றுக் கேரியரின் மேல் அடுக்கில் வைத்துக் கொண்டுவந்தார். கீழ் அடுக்கில் எனக்குத் தயிர் சாதம்.

நான் நாலு கால் வைத்த கம்பியை ஊன்றி நடக்க ஆரம்பித்ததும், "நானும் பாக்கணும்," என்று அந்த அம்மாவை விடாமல் பிடித்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே என்னை மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார வைத்தார். முதலில் எல்லாம் ரோஜா நிறமாகத் தெரிந்தது. நடுவில் திட்டுத் திட்டாக நீலப் புள்ளிகள் கூட்டமாக இருந்தன.

"இதான் பெரிய செல். உடம்புக்குள்ள வரக்கூடாதது எதாவது வந்தா, அதைத் தின்னத்தான் செல்லுங்க ஓடி வரும். தின்ன முடியலைன்னா நாலஞ்சு ஒண்ணா சேந்துக்கும். டி.பி. கிருமியைப் பார்த்தாலும் சேரும், வேற எதைப் பார்த்தாலும் சேரும். நம்ம ஊர்ல டி.பி. அதிகம், அதனால இதைப் பார்த்ததும் கையே டி.பி.ன்னு எழுதிடும்."

பிறகு இரண்டு வில்லைகளைப் பொருத்தி ஒன்றை மெல்லத் திருப்பினார். எல்லாம் இருண்டது. அந்த இருட்டில் துண்டு துண்டாக வெள்ளை வெளேரென்று ஏதோ மின்னியது. பெரிய துண்டு, நூல் மாதிரி துண்டு, தூள். பெரிய செல்களின் வயிற்றுக்குள்ளேயே மின்னியது.

"இது இன்னா மேடம்?"

"உங்க பிளாஸ்டிக் கிண்ணம். இந்த வெளிச்சத்துல பிளாஸ்டிக் மட்டும் இப்படி மின்னும். மின்னாம கறுப்பா கிடக்கே, அது இரும்பு. இதோ வட்டமா ஓட்டை தெரியுதா? பசை இருந்த இடம். ஸ்லைடு செய்யிற மருந்துல அது கரைஞ்சுடும், ஓட்டை மட்டும் நிக்கும்."

எனக்கு யாரும் மேலே விளக்க வேண்டியிருக்கவில்லை. கிரைண்டர் கல்லைக் கொத்தினால் முதல் ஈடு மாவில் கல் தூள் வரும். வாயில் போட்டால் நறநறக்கும். அதனால் அந்த ஈட்டை மாட்டுக்கு வைத்துவிடுவேன். என் இடுப்பில் ஒவ்வொரு அடிக்கும் பந்து கிண்ணத்தை அரைத்திருக்கிறது. அந்தத் தூளைத் தின்ன வந்த செல்கள் கூடவே எலும்பையும் கரைத்திருக்கின்றன. அரைத்தது ஒரு இயந்திரம், பழி என் புருஷனின் தறி மேல்.

பழைய ஸ்லைடையும் வைத்தார். வில்லையைத் திருப்பினார். அதிலும் மின்னியது. அன்றைக்கே அது அங்கே இருந்தது!

"கிருமி வளருதான்னு சதையை வாரக்கணக்கா வெச்சுப் பார்ப்பாங்க, கல்ச்சர்னு பேரு. நாங்க வெச்சதுல ஒண்ணும் இல்ல. அவங்களும் வெச்சிருப்பாங்களே, முடிவை உங்களுக்குச் சொல்லலையா?"

"யாரும் சொல்லல மேடம்," என்றேன். வார்டில் பக்கத்துக் கட்டில்காரி, "உடு தாயி, கடவுள் பாத்துக்குவாரு," என்றாள். கடவுள் பார்க்கிறபோது பார்க்கட்டும். நான் அதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து பழகினேன். மற்றவர்கள் ஒரு சுற்று நடந்தால் நான் இரண்டு சுற்று நடந்தேன். வேறு எந்த டானிக்கும் அவ்வளவு பலம் கொடுக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் பாட்டிலைக் கொண்டுபோய்க் கல்லாப்பெட்டி மேல் வைத்தேன்.

"இன்னாக்கா இது?" என்றாள் ரேணுகா.

"நீ ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தியே, அந்த டி.பி. நல்லா பாத்துக்கோ."

அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டேன். ஆனால் கரண்டி வந்த மாதிரி ஆட்கள் வரவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிப் பேப்பரைக் காட்டினேன். "அவங்க எதயாவது எழுதிக் குடுப்பாங்க. அவ்ளோ பெரிய டாக்டரு சொன்னது பொய்யா இருக்குமா?" என்றார்கள். காபி வாங்கினவர்கள் இட்லி வாங்கவில்லை. ரேணுகா பக்கத்தில் நின்று சிரித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. எந்த வாய் சொன்னதோ அதே வாய், அதே கடையில், எல்லோர் முன்னாலும் இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் கையால் இந்த ஊரில் ஒருத்தரும் சாப்பிடமாட்டார்.

கிருத்திகை வந்தது. மலையிலிருந்து கார்கள் இறங்குகிற இடத்தில் வீட்டுக்காரர் விடியற்காலையிலிருந்து நின்றார். சண்டை தெரியாத மனுஷர், பொய்யும் தெரியாதவர். அன்றைக்கு மட்டும் எப்படியோ பேசி, "சார், பஸ் ஸ்டாண்டு பக்கம் சூடா இட்லி, சுத்தமான எடம்," என்று அந்த நர்சிங் ஹோம் டாக்டரையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நெற்றி நிறைய விபூதி. வீட்டுக்காரரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, என்னைப் பார்த்தார், என்னையும் தெரியவில்லை. என் எக்ஸ்ரேயைக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

நானே இலை போட்டேன். நானே வைத்தேன். டிரைவர்கள் படியில் நின்று டாக்டர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிரமாதமா இருக்கும்மா சட்னி," என்றார்.

"இன்னும் ரெண்டு வெச்சிக்குங்க சார். என்னத் தெரியலியா?"

"இல்லையேம்மா..."

"நீங்க இடுப்பு மாத்தின கிருஷ்ணவேணி. நெசவுக்காரர் தெரு. டி.பி.ன்னு ஊசி போட்டீங்களே. இந்த மாவு நான் அரைச்சது. சட்னி நான் தாளிச்சது. நீங்க குடிச்ச தண்ணி நான் மொண்டு வெச்சது."

அவர் கை வாய்க்குப் பாதியில் நின்றது. எலும்பில் இருக்கிற டி.பி. இட்லியில் வராது என்று அந்த மனுஷருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் நின்றது. அதைப் பார்க்கத்தானே அத்தனை நாள் கம்பி ஊன்றி நடந்தேன். வயிறு குளிர்ந்தது எனக்கு.

அவர் மனைவி இலையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அய்யய்யோ, இந்த வியாதியோட ஓட்டல் நடத்துறாளே! உங்களுக்கு அறிவில்லையா, கேட்டுச் சாப்பிட மாட்டீங்களா?"

"உக்காரு, உக்காரு," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்தம்மாவுக்கு டி.பி. கிடையாது."

நான் இடது பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். "உங்க ஊசியில இந்தக் காது போச்சு சார். கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"டி.பி. இல்லம்மா."

"இன்னும் சத்தமா."

"உனக்கு டி.பி. இல்ல!" என்று கத்தினார். படியில் நின்ற டிரைவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ரேணுகாவின் கையில் இருந்த துடைக்கிற துணி அப்படியே நின்றது.

"எப்பத்திலேர்ந்து தெரியும் சார்?"

மனைவியைச் சமாதானப்படுத்துகிற அவசரத்தில் வாய் முந்திக்கொண்டது. "அப்பவே கல்ச்சர்ல ஒண்ணும் வளரலையே..." என்றவர், சொன்னதைத் தானே கேட்டு நிறுத்தினார்.

"அப்ப அதுக்கப்பறம் போட்ட ஊசி எல்லாம்?"

"எதுக்கும் இருக்கட்டும்னு..."

எதுக்கும் இருக்கட்டும்! தான் வைத்த கிண்ணம் தேய்ந்துவிட்டது என்று சொல்ல வாய் வராமல், எதுக்கும் இருக்கட்டும் என்று என் காதையும் என் கடையையும் எடுத்துக்கொண்டார். பாட்டிலை எடுத்துவந்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். "உங்க கிண்ணம். பாத்துகினே சாப்புடுங்க," என்றேன். சாப்பிடவில்லை. பர்ஸை எடுத்தார். "வேணாம் சார், கெளம்புங்க," என்று வீட்டுக்காரர்தான் சொன்னார். அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

கார் போனதும் ஒரு டிரைவர் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "அக்கா, நாலு இட்லி, உன் கையால," என்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நான் முதலில் டாக்டர் குடித்த டம்ளரை எடுத்தேன். சுவரில் இருந்த ஆணியைப் பிடுங்கி அதில் ஒரு கோடு கிழித்தேன்.

"ரேணுகா, இத தனியா வை."

அவள் என்னைப் பார்த்தாள், டிரைவர்களைப் பார்த்தாள். பழக்கம் விடவில்லை, இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு போய், என் டம்ளர் இருந்த அதே இடத்தில், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதற்கப்புறம் எத்தனையோ கிருத்திகை போய்விட்டது, அவர் இந்தப் பக்கம் வரவில்லை. வந்தால் இலை போடுவேன், சூடாக இட்லி வைப்பேன். தண்ணீர் மட்டும் அந்த டம்ளரில்தான்.